ஷேரிங் வேலை செய்யவில்லை என்றால் ஃபார்மேட் போட விடாதீர்கள்

சிவகாசியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்துவிட்டால், அப்புறம் மார்கழி வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை மற்றவற்றிலிருந்து எடுக்கும் 'ஷேரிங்' எங்களிடம் நின்றுபோனது அந்த சீசனில்தான். பழைய கம்ப்யூட்டர்களை வைத்துத் தொழில் செய்கிற யாரும் என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது.

எங்களிடம் 4 கம்ப்யூட்டர்கள். அச்சுக்கான பிளேட் (தகடு) போடும் மெஷினோடு இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. அந்த மெஷினின் மென்பொருளும், அது இயங்கக் கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிள் என்கிற சாவியும் புதிய விண்டோஸில் ஓடாது, அதனால் மாற்ற வழியில்லை. டிசைன் ஃபைல்கள் எல்லாம் ஒரு விண்டோஸ் 7-ல். மற்ற இரண்டும் விண்டோஸ் 10.

ஆவணியில் ஒருநாள் இன்டர்நெட் மோடம் மாற்றினார்கள். மறுநாள் காலையில் விண்டோஸ் 10-ல் 'நெட்வொர்க்' திறந்தால் காலி. விண்டோஸ் 7-ல் இருக்கும் ஃபோல்டருக்குள் யாராலும் போக முடியவில்லை. பிளேட்டுக்கு ஆள் காத்திருக்கிறார். உள்ளூர் சர்வீஸ் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன்.

வந்த பையன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுவிட்ச் போயிருச்சு, கேபிளும் மாத்தணும்" என்றார். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் அந்த சுவிட்ச். சரி என்றேன். அதே சுவிட்ச் வழியாகத்தான் அந்த நேரத்திலும் எல்லாவற்றிலும் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் தோன்றவில்லை.

புது சுவிட்ச், புது கேபிள், 4,200 ரூபாய். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்த நாள் கடைக்காரரே வந்தார். "விண்டோஸ் கரப்ட், ஃபார்மேட் போட்டால்தான் சரியாகும்." விண்டோஸ் 7-ஐயும், புதிதாக வாங்கிய விண்டோஸ் 10-ஐயும் ஃபார்மேட் போட்டார், அதாவது சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். மாலையில் ஷேரிங் வந்துவிட்டது. மொத்தம் 11,400 ரூபாய். முறையான பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான்.

டி டிரைவில் இருந்த ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் எழுத்துருக்கள் இருந்தது சி டிரைவில். யூனிகோடு என்கிற பொது முறை வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் அவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழாகத் தெரியாது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பழைய வேலைகளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாக நின்றது. ஒரு ஜவுளிக்கடைக்கு வருடா வருடம் போடும் காலண்டரை முதலிலிருந்து டைப் அடித்தோம். ஃபார்மேட்டுக்கு முன்னால் "எழுத்துரு எங்கே இருக்கிறது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சகத்துக்கு வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

பொங்கலுக்கு மைத்துனர் வந்தார். மதுரையில் ஒரு கல்லூரி லேப்பில் வேலை. "ஒரு தடவை பாருங்க மாப்பிள்ளை" என்று உட்கார வைத்தேன். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. நான்கு கம்ப்யூட்டரிலும், நெட்வொர்க் வழியாக யாரும் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் அணைந்திருந்தது. டி டிரைவ் முழுவதும், பாஸ்வேர்டே இல்லாமல், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற அனுமதியோடு ஷேர் ஆகியிருந்தது. ஒரிஜினல் விண்டோஸோடு வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் உரிமத்தைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' மூலம் இயக்கப்பட்டது என்று வந்தது. பெரிய நிறுவனங்களுக்கான வழி அது. 4 கம்ப்யூட்டர் உள்ள அச்சகத்தில் அப்படி வந்தால் திருட்டு விண்டோஸ் என்று அர்த்தமாம். நான் காசு கொடுத்து வாங்கியதை அழித்துவிட்டுப் போலியைப் போட்டு, அதற்கும் கூலி வாங்கியிருக்கிறார்.

இன்னொன்றுதான் பயமுறுத்தியது. விண்டோஸ் 10 இரண்டிலும் எஸ்எம்பி1 என்கிற பழைய ஷேரிங் முறையை அந்தக் கடைக்காரர் திறந்து வைத்திருந்தார். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டியும் வந்தது. எக்ஸ்பிக்கு வேறு ஷேரிங் முறை தெரியாது என்பதால் இவர் எல்லா இடத்திலும் கதவைத் திறந்துவிட்டார்.

"அத்தான், கோளாறு மோடம் மாத்தினதுலதான்" என்றார் மைத்துனர். புது மோடத்தை விண்டோஸ் 'புது நெட்வொர்க்' என்று எடுத்துக்கொள்ளும். வீடா, அலுவலகமா, பொது இடமா என்று விண்டோஸ் 7 கேட்டபோது எங்கள் பையன் 'பப்ளிக்' அழுத்தியிருக்கிறான். உடனே ஷேரிங் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 10-லும் பப்ளிக் ஆனதால் பட்டியல் காலி. பப்ளிக்கை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. பட்டியலில் பெயர் வராவிட்டாலும் இரண்டு பேக்ஸ்லாஷ் (\\) போட்டு, நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியான ஐபி எண்ணை அடித்துப் பார்க்கலாம். பல நேரம் ஃபோல்டர் திறந்துவிடும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

அவர் செய்து கொடுத்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். விண்டோஸ் 7-க்குப் பழைய முறையும் தெரியும், புதிய முறையும் தெரியும். அதனால் எக்ஸ்பி இப்போது விண்டோஸ் 7-ல் இருந்து மட்டும் ஃபைலை எடுக்கிறது. விண்டோஸ் 10-ல் இருந்து நேராக எக்ஸ்பிக்குப் போவதில்லை, அங்கே எஸ்எம்பி1-ஐ எடுத்துவிட்டோம். எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 7-க்கும் மாறாத ஐபி கொடுத்து, இன்டர்நெட்டுக்கு வழிகாட்டும் கேட்வே இடத்தைக் காலியாக விட்டோம், அதனால் இரண்டும் இன்டர்நெட்டுக்குப் போகாது. ஒரே ஒரு ஃபோல்டர்தான் ஷேர், அதற்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு. ஃபயர்வால் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "வேலை முடிஞ்சு கம்ப்யூட்டர் ஓடுச்சுல்ல அண்ணாச்சி" என்பதுதான் பதில். பணம் திரும்பவில்லை. பழைய சுவிட்சைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டாராம். தொலைந்த எழுத்துருக்களில் இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. அவற்றில் அடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒரு ஃபோல்டர் நிறைய அப்படியே கிடக்கின்றன.