வேதாரண்யமா, கோடியக்கரையா: எங்கே நடப்பது?

ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது, எந்தப் பக்கம் போவது என்று குழம்புபவர்களுக்கு இது.

தரை: வேதாரண்யத்திலிருந்து அகத்தியம்பள்ளிக்குத் தார் ரோடு, முழங்கால் வலிக்காரர்களுக்கும் சரிப்படும். கோடியக்கரையில் மணலில் கால் புதையும்.

நிழல்: அகத்தியம்பள்ளி உப்பளப் பக்கம் வெயில் கண்ணைக் கூசும். கோடியக்கரைக் காட்டில் பாலை மரங்கள் உண்டு.

பார்க்க: அகத்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண், அவசியம் நின்று பார்க்க வேண்டிய இடம். கோடியக்கரையில் வெளிமான்கள். கருத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஆண்மான் புல்வெளியில் தலைநிமிர்ந்து நிற்கும். பழுப்பு நிறப் பெண்மான்கள் மேய்ந்துகொண்டே நகரும். மார்கழி வாக்கில் பூநாரைகளும் வரும். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்.

செலவு: கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்கு மட்டும் நுழைவுக் கட்டணம்.

வயதானவர்கள் உடன் வந்தால் வேதாரண்யம். மான், பறவை பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் கோடியக்கரைதான். தண்ணீர் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.