மூன்றரை நட்சத்திரமும் ஒரு ஃபாரம் குறைந்த அகராதியும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்துக்குள் நுழைந்து, வெங்காய மூட்டைகளைத் தாண்டி நாலு எட்டு வைத்தால், பாதி ஷட்டர் இறக்கி வைத்திருக்கும் பழைய புத்தகக் கடை அதுதான். உள்ளே ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வந்தாக வேண்டும். நீட் கைடும் டிப்ளமா நோட்ஸும்தான் முன்னால் அடுக்கியிருக்கும். நல்ல சரக்கெல்லாம் பின்னால், தரையில், அட்டைப் பெட்டிக்குள்.

நான் போன காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. பிரஸ்ஸில் டிடிபி வேலை எனக்கு, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்தைக் கோத்துப் பக்கம் அமைப்பது. மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ள ஒத்திகைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் ஆர்டர் வந்தது. ‘பேரிடர்’ என்று பெரிசாகப் போட்டுக் கொடுத்தேன். வாங்க வந்தவர், “பேரிடர்னா யாருக்கு சார் புரியும், ஆபத்துன்னே போடுங்க” என்றார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவன் நான். அதைப் போய் ஆபத்து என்று சொன்னால் போதுமா, கரண்ட் கம்பத்தில் மண்டை ஓடு போட்டு எழுதுகிற சொல்லாச்சே என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது, தூக்கம் போச்சு. அகராதியில் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சரி, அந்தப் பெட்டிக்குள் கிடைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முதல் தொகுதி, மறுபதிப்பு. 1924இல் தொடங்கி 1936க்குள் ஆறு தொகுதியாக வந்த அகராதி, பாதிக்கு மேல் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தது. கடைக்கார பாய் ஐந்நூறு சொன்னார், முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. பைண்டிங் உறுதி, தாள் பழுப்பு, ஓரத்தில் கரையான் இல்லை. எங்கள் வெயிலில் இப்படி ஒரு புத்தகம் பிழைத்துக் கிடப்பதே பெரிய விஷயம்.

ஆபத்து உடனே கிடைத்தது. சமஸ்கிருத ‘பத்’ என்ற வேரிலிருந்து வந்த சொல், விழுவது, போய்ச் சேர்வது என்று பொருள். மேலே வந்து விழுந்தால் ஆபத்து. அதே வேருக்கு முன்னால் ‘வி’ சேர்த்தால் விபத்து, ‘சம்’ சேர்த்தால் சம்பத்து. அதாவது பைபாஸில் லாரி கவிழ்வதும் வீட்டில் செல்வம் குவிவதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள், சம்பத்து என்று பெயர் வைத்துக்கொண்ட என் மாமாவிடம் இதைச் சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

அப்புறம் இடர் பார்க்கலாம் என்று புரட்டினால், இல்லை. எட்டுப் பக்கம், ஒரே தாளில் அடித்து மடிக்கிற ஒரு ஃபாரம் முழுசாகக் காணோம். இடர், இடுக்கண், இடும்பை எல்லாம் போச்சு. இருபது வருஷமாக ஃபாரம் மடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவன், காசு கொடுக்கும் முன் பக்க எண்ணைப் பார்க்கவில்லை. வள்ளுவர் 63ஆம் அதிகாரத்தில் ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்கிறார், நான் நகவில்லை. (துன்பத்தில் கண் இடுங்கிப் போவதால்தான் இடுக்கண் என்று சொல்வார்கள். அன்றைக்கு என் கண் அப்படித்தான் இருந்திருக்கும்.)

மறுநாள் திருப்பி எடுத்துப் போனேன். பாய் விரல் வைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்து, “ஏ க்யா ஆஃபத் ரே” (இதென்னடா ஆபத்து) என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். எனக்குக் கோபமே போய்விட்டது. ஆஃபத்! நம் ஆபத்தைத்தான் உருதுவில் கொஞ்சம் காற்று விட்டுச் சொல்கிறார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. அது அரபியிலிருந்து வந்த சொல், நம்முடையது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேலூரில் ஒரே சந்தில், ஒரே பொருளில், முன்பின் தெரியாத இரண்டு சொற்கள் இரட்டைப் பிள்ளை மாதிரி நடமாடுகின்றன. பேஜாரும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், பாரசீக ‘பேஸார்’, சலித்துப் போனவன் என்று அர்த்தம்.

திருப்பி எடுக்க மாட்டேன் என்றார், ஆனால் நூறு ரூபாய் கொடுத்தார், டீ சொன்னார், ஒரு பழைய ஆங்கில அகராதியை ஓசியில் கையில் திணித்தார். அதில்தான் டிஸாஸ்டர் என்ற சொல்லின் ஊரைப் பார்த்தேன். இத்தாலிய ‘திஸாஸ்த்ரோ’, ‘அஸ்த்ரோ’ என்றால் நட்சத்திரம், முன்னால் ‘திஸ்’ வந்தால் கெட்டது. கெட்ட நட்சத்திரம். பிரெஞ்சு வழியாக பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்குள் வந்திருக்கிறது. வெள்ளைக்காரனும் நம்ம ஆள்தான் என்று தோன்றியது. சனி ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம், ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. “ஏழரை ஆரம்பிச்சிடுச்சு” என்று நாம் சொல்வதும் திஸாஸ்த்ரோவும் ஒரே வானத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சு. புறநானூறு 117இல் கபிலர் சனியை ‘மைம்மீன்’ என்கிறார். அது புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது, வயல் நிறையும் என்று பாடுகிறார். கெட்ட விண்மீனைப் பற்றிய பயம் ஊரில் இருந்ததால்தானே இப்படிப் பாட முடிந்தது.

ஃப்ளெக்ஸில் கடைசியில் பேரிடர் என்றே போட்டேன், கீழே சின்ன எழுத்தில் ‘வெள்ள ஆபத்து’ என்றும். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, பில்லில் ஐம்பது குறைத்தார்.

காணாமல் போன எட்டுப் பக்கத்துக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகம் இந்த லெக்சிகனை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தேவையானதைத் தேடி எடுத்து, பிரஸ்ஸில் பிரிண்ட் போட்டு, பசை தடவி உள்ளே ஒட்டிவிட்டேன். கொஞ்சம் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது, பரவாயில்லை.

கடைக்கு மூன்றரை நட்சத்திரம். விலை நியாயம், ஆள் தங்கம், ஒன்றரை குறைத்தது அந்த ஃபாரத்துக்காக. வாங்கும் முன் பக்க எண்ணை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பாய் கோபித்துக்கொள்ள மாட்டார், ஸ்டூல் போட்டுத் தருவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், இரண்டரைக்கு மேல் போங்கள். லெக்சிகன் இரண்டாம் தொகுதி அந்தப் பெட்டியில் இருந்தால் எனக்கு விட்டுவையுங்கள்.