பரணில் பதினான்கு மாதம், ஸ்டாண்டில் இரண்டரை வருடம்

இந்த ஜூனோடு நான் கிட்டார் வாங்கி நாலு வருடம் முடிகிறது. முதல் நாலு மாதம் வெறியோடு வாசித்தேன். அடுத்த பதினான்கு மாதம் கிட்டார் பரணில் கிடந்தது. மிச்சம் இரண்டரை வருடமாகத்தான் பயிற்சி உருப்படியாக நடக்கிறது. புதிதாக வாங்கப்போகிறவர்கள் எந்த மாடல் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. பரணுக்கு ஏன் போனது, எப்படி இறங்கியது என்று வேண்டுமானால் விவரமாகச் சொல்லலாம்.

வாங்கியது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஓர் அக்கூஸ்டிக். காரணம், எண்பதுகளில் வந்த ஓர் இளையராஜா பாட்டு. எது என்று சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் கிட்டார் வாங்குகிற பாதிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறோம்.

ஈ மைனர், ஜி, சி, டி என்ற கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிகள், எல்லாம் ஆறு வாரத்தில் பிடிபட்டன. எஃப் வந்ததும் வண்டி நின்றது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கப்போட்டு அழுத்த வேண்டும். என்ன அழுத்தினாலும் இரண்டு கம்பியாவது 'டொக்' என்று செத்துப்போகும். மணிக்கட்டு வரை வலி. 36 வயதில் விரல் முற்றிவிட்டது, இனி வராது என்று நானே தீர்ப்பு எழுதி, பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் அது கீழே இறங்கியது. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு, கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. மாற்றலாமே என்று கிட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். அவர் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வைத்துப் பார்த்தார். தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் இடைவெளி. "சார், இதுல எனக்கே எஃப் வராது" என்றார்.

மேலே கம்பி உட்காரும் நட்டின் பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் இறக்கினார், கீழ்முனையில் கம்பியைத் தாங்கும் சாடிலைத் தேய்த்தார். இடைவெளி இரண்டரைக்கு வந்தது. 12 கேஜ் கம்பிக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 10 கேஜ் போட்டார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். அன்று சாயங்காலமே எஃப்பில் ஐந்து கம்பி ஒலித்தது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. மாதக்கணக்கில் விரலைத் திட்டியிருக்கிறேன், வாங்கிய கடையில் ஒருவர்கூட இந்தச் செட்டப் விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உதவியது. எஃப்பை முதல் ஃப்ரெட்டில் பழகாதீர்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் போட்டால் ஏ மேஜர், அங்கே பாதி பலம் போதும். அங்கே சுத்தமாக ஒலித்த பிறகு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக நட்டை நோக்கி நகர்ந்து வந்தேன்.

அடுத்தது ஸ்டாண்ட், அறுநூறு ரூபாய். டிவி பக்கத்தில் நிற்கிறது. பையின் ஜிப்பைத் திறந்து, ட்யூனரைத் தேடி, உட்கார இடம் பார்ப்பதற்குள் மனசு மாறிவிடும் என்பது பரண் காலத்தில் தெரியவில்லை. இப்போது குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எடுத்து வாசித்து வைத்துவிடுகிறேன். வெளியே இருப்பதால் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் கெடும், அது உண்மை. வாசித்து முடித்ததும் பழைய காட்டன் துணியால் ஒரு துடை. பூச்சுப் போட்ட கம்பி விலை அதிகம்தான், ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் லாபம்.

நடுவில் ஓர் ஆப்புக்கும் வருடச் சந்தா கட்டினேன். தினமும் திறந்தால் நெருப்புச் சின்னம் ஒன்று ஏறிக்கொண்டே போகும். 41 நாள் வரை போனேன். காய்ச்சலில் ஒரு நாள் விட்டதும் பூஜ்ஜியம். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அந்த 41-இல் பல நாட்கள் நெருப்பு அணையாமல் இருக்க இரண்டு நிமிடம் தட்டிவிட்டு மூடியவைதான்.

நிலைத்தது ஒரு நிமிடக் கணக்கு. ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலியர் 2003 முதல் இணையத்தில் இலவசமாகக் கிட்டார் பாடம் நடத்துகிறார், அவருடைய பயிற்சி இது. போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, ஜியிலிருந்து சிக்கு எத்தனை தடவை மாறுகிறோம் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் நாள் 11. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தேன். ஆறு வாரத்தில் 42. நன்றாக வாசித்தேனா என்று மனசைக் கேட்டால் அது அன்றைய மூடைப் பொறுத்து ஏதாவது சொல்லும். தாள் அப்படிச் சொல்லாது. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் விரல் நுனியின் காய்ப்பு உரிந்து, 42 முப்பதாகிவிடும். நாலே நாளில் திரும்ப ஏறும் என்பதும் தாளில்தான் தெரிந்தது.

மாதம் முதல் தேதி போனில் ஒரு ரெக்கார்டிங்கும் உண்டு, எப்போதும் அதே பாட்டு. ஒன்பதாவது ரெக்கார்டிங்கின்போது அம்மா சமையலறையிலிருந்து, "ஏன்டா, எப்பவும் பல்லவியிலயே நிக்கிற? சரணத்துக்குப் போக மாட்டியா?" என்றாள். சுருக்கென்றது. வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்து, அதைப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம்தான் வாசிக்கிற பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்தை வராத இடத்துக்கு ஒதுக்கினேன். மீதி பத்தில் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம். அம்மாவுக்குச் சரணம் மனப்பாடம் என்பதால் ஏமாற்றவும் முடியாது.

சரணத்தில் ஒரு பி மைனர் வருகிறது. போன மாதம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டு. ஏ மைனரிலிருந்து பி மைனர், இன்று காலைத் தாளில் 17.