மோட்டுல் 7100 10டபிள்யூ-40: கிளட்சையும் கியரையும் வைத்து ஒரு மதிப்பீடு

மோட்டுல் 7100 வரிசையின் 10டபிள்யூ-40 எண்ணெயை எனது நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் ஊற்றி, கையேடு குறிப்பிடும் 5,000 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எண்ணெய் மாற்றிய அன்றே எழுதப்படும் பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கையில்லை. உழைத்துக் களைத்த பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக எதை ஊற்றினாலும், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை வண்டி மென்மையாகத்தான் ஓடும். கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் கியர் எப்படி விழுகிறது, கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதே நான் பார்க்கும் அளவுகோல்.

இன்ஜினை விட்டுவிட்டுக் கிளட்சையும் கியரையும் ஏன் சொல்கிறேன் என்றால், காரில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ ஒரே எண்ணெய்தான் பிஸ்டனையும் கேம் ஷாஃப்டையும் தேய்மானத்திலிருந்து காத்து, கியர் பற்களுக்கிடையே நசுங்கி, கிளட்ச் தட்டுகளையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜினுக்கு உராய்வு குறையக் குறைய நல்லது. கிளட்சுக்கோ உராய்வுதான் பிடிமானம். இந்த முரணைக் கருதாமல், எரிபொருள் சிக்கனம் தரும் என்று முத்திரையிட்ட ஒரு கார் எண்ணெயைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊற்றினேன். சில நாள்களில், மேட்டில் உயர் கியரில் முறுக்கினால் இன்ஜினின் சுழற்சி மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. அத்தகைய எண்ணெய்களில் உராய்வைக் குறைப்பதற்கென்றே சேர்க்கப்படும் பொருள்கள் கிளட்ச் தட்டுகளில் ஊறிவிட்டிருந்தன. இரண்டு முறை எண்ணெயை மாற்றியும் வழுக்கல் நிற்காமல், கடைசியில் தட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நான் டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை; பின்பக்கச் சிறிய எழுத்துகளில் 'ஜாசோ' என்ற சொல்லைத்தான் முதலில் தேடுகிறேன். ஜப்பானின் வாகனத் தர அமைப்பான ஜாசோ, நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எண்ணெய்களுக்கென்றே 1998இல் டி903 என்னும் தரத்தை வகுத்தது. கிளட்ச் சுழலும்போதுள்ள உராய்வு, நிலையாகப் பிடித்திருக்கும்போதுள்ள உராய்வு, சுழற்சி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய மூன்றையும் சோதித்து உராய்வு மிகுந்த எண்ணெய்களை எம்ஏ என்றும், குறைந்தவற்றை எம்பி என்றும் அது பிரிக்கிறது. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எம்ஏ வகைக்குள் எம்ஏ1, எம்ஏ2 என்ற உட்பிரிவுகள் வந்தன. இவற்றில் எம்ஏ2 கூடுதலான பிடிமானம் தருவது. மோட்டுல் 7100 இந்த எம்ஏ2 வகையைச் சேர்ந்தது. 5,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட, பின்னால் ஆள் இருக்க மேடேறியபோதும், கிளட்ச் வழுக்கவில்லை.

கியர் பக்கம் வந்தால், இங்கேதான் இந்த எண்ணெய் என் மதிப்பைப் பெற்றது. 10டபிள்யூ-40 என்பதில் 10டபிள்யூ குளிர்ந்த நிலையிலும், 40 சூடான நிலையிலும் எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கின்றன. 100 டிகிரி செல்சியஸில் 40ஆம் கிரேடு எண்ணெயின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அது 30ஆம் கிரேடு. சூட்டில் எண்ணெய் இளகிவிடாமல் இருக்க நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்ப்பார்கள். கியர் பற்கள் கத்தரிக்கோல் போல அவற்றைத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. 40 என்று வாங்கிய எண்ணெய் ஓட ஓட 30 போலாவது இப்படித்தான். முன்பு நான் பயன்படுத்திய ஒரு பகுதிச் செயற்கை எண்ணெய் 3,000 கிலோமீட்டரைத் தாண்டியதும், வண்டியை நிறுத்தியபடி நியூட்ரலைத் தேடினால் கால் முதலுக்கும் இரண்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும். எஸ்டர் என்னும் செயற்கைச் சேர்மம் கலந்த முழுச் செயற்கை எண்ணெயான 7100இல் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் வரை அந்தச் சிக்கலே வரவில்லை; அதன் பிறகும் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும்போது மட்டும் லேசான கனம் தெரிந்தது.

இழுவையிலோ மைலேஜிலோ எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை. அதை எதிர்பார்த்து இந்த எண்ணெயை வாங்க வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். கையேடு 10டபிள்யூ-30 என்று சொன்னால் அதையே வாங்குங்கள்; தடித்த எண்ணெய் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம், குறுகிய எண்ணெய் வழிகளை 30ஆம் கிரேடுக்கென வடிவமைத்த இன்ஜினில் செல்லாது. உலர்ந்த கிளட்சும் பெல்ட்டும் கொண்ட கியரற்ற ஸ்கூட்டருக்கு எம்பி வகையே பொதுவாகப் போதும். அதன் பின்சக்கரப் பல்லிணைப்புக்குத் தனி கியர் எண்ணெய் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்ஜின், கியர் பெட்டி இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய் அறைகள் கொண்ட வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் உரியதைப் பார்த்தே ஊற்ற வேண்டும். செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் உள்ள வண்டியின் பின்புறப் பல்லிணைப்பும் தனிக் கியர் எண்ணெய் கேட்பது. இன்ஜின் எண்ணெயால் அங்கே வரும் அழுத்தத்தைத் தாங்க முடியாது.

ஊற்றும் அளவிலும் கவனம் வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிடங்கள் விட்ட பிறகே இன்ஜினின் பக்கவாட்டிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்; நுரைத்த எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததானாலும் உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்காது.

5,000 கிலோமீட்டர் முடிந்து வடித்தபோது எண்ணெய் கறுத்திருந்தது. கரியையும் அழுக்கையும் தன்னில் தாங்கிக்கொள்வது அதன் வேலை என்பதால் அந்த நிறம் என்னைக் கவலைப்படுத்தவில்லை. நான் கவலையோடு பார்த்தது, எண்ணெயை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் காந்த முனையைத்தான். விரலில் தேய்த்தால் மையைப் போலப் பரவும் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு மட்டும் அதில் இருந்தது; நகத்தில் தட்டுப்படும் ஓர் உலோகத் துணுக்குகூட இல்லை. போல்ட்டுக்குப் புது வாஷரும் இன்ஜினுக்குப் புது ஃபில்டரும் போட்டு, மீண்டும் இதே எண்ணெயைத்தான் ஊற்றியிருக்கிறேன்.