தோட்டச் சாலை ஓட்டமா, திடலில் வேக ஓட்டமா?

ஓய்வுக் காலத்தில் பாடுபட்டு ஏற்றிய தெம்பு, லீக் தொடங்குவதற்குள் இறங்கிவிடக் கூடாது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ஹாக்கி அணிகளுக்கு அதற்கு இரண்டு வழிகள். செம்பனைத் தோட்டச் செம்மண் சாலையில் 8 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று. திடலில் விட்டுவிட்டு ஓடும் வேக ஓட்டம் இன்னொன்று. நாங்கள் இரண்டாவதற்கு மாறிவிட்டோம்.

சாலை ஓட்டத்துக்குச் செலவில்லை, எத்தனை பேர் வந்தாலும் ஓடலாம், நீண்ட விடுப்புக்குப் பின் முதல் இரண்டு வாரத்துக்கு நல்லது. அவ்வளவுதான்.

எங்கள் முடிவை மாற்றியது வேகம். ஏற்றிய தெம்பைக் காக்க ஓடும் தூரத்தைப் பாதியாகக்கூடக் குறைக்கலாம். வேகத்தைக் குறைத்தால் சில வாரங்களிலேயே மூச்சு இறங்கத் தொடங்கும். ஆட்டமும் அப்படித்தான்: 15 நிமிடமாக நான்கு கால்பகுதி, ஆட்களை எத்தனை முறையும் மாற்றலாம். ஐந்தாறு நிமிடம் முழு மூச்சில் ஓடி, வெளியே வந்து, மறுபடி இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் நிமிர்ந்தபடி ஒரே வேகத்தில் ஓடிய கால், குனிந்து பந்தைப் பறித்துத் திரும்பும்போது தடுமாறும்.

திடல் ஓட்டம் இப்படி: கோல் கோட்டிலிருந்து 23 மீட்டர் கோடுவரை மட்டையோடு போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் 46 மீட்டர், 10 விநாடிக்குள். பிறகு 20 விநாடி ஓய்வு. இப்படி ஆறு முறை ஒரு சுற்று. சுற்றுக்கு இடையே 3 நிமிட நடை. மொத்தம் மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். கூட்டினால் 800 மீட்டர் சொச்சம்தான். நேரம் முதல் ஓட்டத்தைவிட ஒரு விநாடிக்கு மேல் கூடினாலோ, மட்டை நுனி புல்லில் இழுபட்டாலோ அந்த ஆட்டக்காரரை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகுவார்.

கெடுவது பெரும்பாலும் தொடையின் பின்தசை. 15 நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் தொடங்காதீர்கள். ஓட்டம் முடிந்ததும் நார்டிக் பயிற்சி: முழங்காலிட்டவரின் கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும், ஐந்தைந்தாக இரண்டு தடவை. சாயங்கால மழையில் நனைந்த புல்லில் சட்டென்று திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அன்றைக்குக் கூம்பைச் சுற்றி வளைந்து ஓடட்டும்.

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா அரங்கம் போன்ற செயற்கைப் புல் திடலில் ஆட்டம் இருந்தால், கடைசி மூன்று வாரமும் வாரம் ஒரு நாள் அத்தகைய திடலில் ஓடுங்கள். இயற்கைப் புல்லில் மட்டுமே பழகிய கெண்டைக்கால் அங்கே முதல் ஆட்டத்திலேயே இறுகிப்போகும். அன்று இரண்டு சுற்று போதும்.

கோல் காவலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவருக்கு ஐந்து மீட்டர் பக்கவாட்டுப் பாய்ச்சல்தான் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை இப்படி ஓடவிட்ட அனுபவம் எங்களுக்குக் குறைவு. அவர்களை ஒரே சுற்றில் தொடங்கி, மறுநாள் கால்வலியைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.