இட்லிப்பூச் செடிக்கு இடிடிஹெச்ஏ இரும்பு: காசு கொடுக்கலாமா?

உரக்கடையில் இரும்புச்சத்து கேட்டால் மூன்று சரக்கு எடுத்து வைப்பார்கள். அன்னபேதி உப்பில் (இரும்பு சல்பேட்) இரும்பு 19%, இடிடிஏ (EDTA) செலேட்டில் 12%, இடிடிஹெச்ஏ (EDDHA) செலேட்டில் வெறும் 6%. செலேட் என்றால் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சேர்மம். சத்து குறையக் குறைய விலை மட்டும் ஏறுகிறதே என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொங்குப் பக்கத்துச் சுக்கான் மண்ணில் (சுண்ணாம்புக்கல் கலந்த மண்) இட்லிப்பூ வைத்திருப்பவருக்கு அந்த 6% பொட்டலம்தான் உருப்படியானது.

நர்சரியில் பச்சைப்பசேலென்று வாங்கி வந்த செடி சில மாதங்களில் வெளுக்கும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது பொதுவான புகார். பையிலிருந்த செம்மண்ணைத் தாண்டி வேர் சுண்ணாம்பு மண்ணுக்குள் போனதுதான் காரணம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.5-க்கு மேல் போனால் அது கரையாது, வேருக்குக் கிடைக்காது. போர்த் தண்ணியில் இருக்கும் பைகார்பனேட் இன்னும் கெடுக்கும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வரிசையாக நட்டால் சிமெண்டுக் காரையின் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும். சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி நடுங்கள்.

வாங்குமுன் இலையைப் பாருங்கள். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவு. இந்த உரம் அதற்கு உதவாது. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் கொழுந்து வெளுக்கும். அங்கே முதலில் வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்.

அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் போட்டால் சீக்கிரமே துருவாகிவிடும். இடிடிஏ, பி.எச். 6.5 தாண்டினால் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இடிடிஹெச்ஏ 9 வரை பிடியை விடாது. கொடுக்கும் விலை இந்தப் பிடிக்குத்தான்.

லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, இடுப்பளவு செடிக்கு 5 லிட்டர். முதலில் மண்ணை நனைத்து, தண்டை ஒட்டி ஊற்றாமல் கிளை பரவிய விளிம்பைச் சுற்றி ஊற்றி, மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுங்கள். வெயிலில் இது சிதையும் என்பதால் சாயங்காலம் நல்லது. இலையில் தெளிக்க இது ஆகாது. தெளிப்பதென்றால் இடிடிஏ லிட்டருக்கு 1 கிராம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் வரும் புதுத் துளிர் பச்சையாக இருக்கும். முன்பே வெளுத்த இலை முழுதாகத் திரும்பாது, அதைப் பார்த்து உரத்தைக் குறை சொல்லக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஊற்ற வேண்டும், அதுதான் இந்தச் சரக்கின் பெரிய குறை. இன்னொன்று, சிந்தினால் தரையில் படியும் சிவப்புக் கறை லேசில் போகாது.

தண்ணீரில் போட்டதும் பீட்ரூட் சாறு மாதிரிச் சிவக்க வேண்டும். மஞ்சளாகக் கரைந்தால் பொட்டலத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் அது இடிடிஹெச்ஏ அல்ல.

கூடவே டிஏபி என்ற மணிச்சத்து உரம் போடும் பழக்கத்தை விடுங்கள், மணிச்சத்து மிஞ்சினால் இரும்பு முடங்கும். கந்தகம் போட்டு மண்ணை மாற்றலாம் என்பார்கள். சுக்கான்கல் கிடக்கும் மண்ணில் அது கடலில் கரைத்த பெருங்காயம். பச்சை திரும்பியும் பூ வரவில்லையென்றால் கத்தரிக்கோலைச் சந்தேகியுங்கள்: இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும், மாதாமாதம் வேலி மாதிரி நறுக்கினால் மொட்டும் போய்விடும்.

தொட்டியில், செம்மண்ணோடு நன்றாகக் கழுவிய பொள்ளாச்சித் தென்னை நார்த்தூள் கலந்து, சிறுவாணித் தண்ணியோ மழைத் தண்ணியோ ஊற்றுபவருக்கு இடிடிஹெச்ஏ தேவையில்லை, இடிடிஏ போதும். தரையில் நாலைந்து செடி உள்ள வீட்டுக்கு இடிடிஹெச்ஏ 100 கிராம் ஒரு வருடம் வரும். மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்கினால் மிச்சம் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும்.