சில்வர் ஓக் மரத்தில் கட்டிய ரேடியோ: நாலு மழைக்காலத்துக்கு அப்புறம்

எங்களுக்கு ஃபைபர் இன்டர்நெட் வருவது கேரள மலையில் இருக்கும் வண்டிப்பெரியாறு டவுனில் உள்ள கடை வரைக்கும்தான். வீடு மேலே ஏலத்தோட்டத்தில், 700 மீட்டர் தள்ளி, நடுவில் தேயிலைச் சரிவு. கடையிலிருந்து இன்டர்நெட்டைக் கம்பியில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவர, வீட்டோரம் நின்ற சில்வர் ஓக்கில் 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவைக் கட்டி நாலு மழைக்காலம் ஆகிறது.

முதல் தப்பு, கடை, மரம் இரண்டு பக்கமும் டிஷ் ஆன்டெனா வைத்தது. டிஷ் வீசும் அலைக்கற்றை குறுகல், ஜூனில் காற்று பிடித்து மரம் ஆடினால் குறி தவறி லிங்க், அதாவது இரண்டு ரேடியோவுக்கும் நடுவிலான தொடர்பு, அறுந்துவிடும். மரத்துப் பக்கம் அகலமாக வீசும் சின்ன பேனல் ஆன்டெனாவை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போனது. மழையில் வேகம் குறைந்தால் மழையைத் திட்டாதீர்கள், இந்தத் தூரத்தில் சிக்னலைக் குடிப்பது நனைந்த இலைதான். இரண்டு ஆன்டெனாவையும் இணைக்கும் நேர்கோட்டின் நடுப்பகுதியில் சுற்றிலும் 3 மீட்டராவது கிளை இல்லாமல் இருக்கவேண்டும். மழைக்கு முன்னால் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கழிக்கும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவைப்பேன்.

மூன்றாம் வருடம் லிங்க் அடியோடு போனது. மிளகு பறிக்கும் அண்ணன் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி ரேடியோ மூடியைத் திறந்தவர், "தம்பி, உள்ளே எறும்பு முட்டையா கிடக்கு" என்றார். கேபிள் நுழையும் ரப்பரை நான் சரியாக அடைக்கவில்லை. கனெக்டர் முள்ளெல்லாம் பச்சை பூத்திருந்தது. கீழேயோ, அணில் கடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வீட்டில் ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் வரை வந்திருந்தது. இப்போது வெயில் தாங்கும் கறுப்பு கேபிள், கனெக்டரில் கிரீஸ், சுவருக்குள் நுழையுமுன் தண்ணீர் சொட்ட ஒரு தொங்கல் வளைவு. இடி காலத்தில், மின்னலால் பாயும் அதிக மின்சாரத்தைத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர், நல்ல எர்த் இரண்டும் இருந்தும், சாயங்காலம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுவேன்.

நான் அதிகம் வருந்துவது ரேடியோவை மரத்தில் கட்டிய பெல்ட்டுக்காக. ஆணி அடிக்க மனசில்லாமல் மரக்கட்டைகளை அண்டைகொடுத்து, லாரிச் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டால் கட்டினோம். மரம் நுனியில்தான் உயரும், ரேடியோ கட்டிய இடத்திலேயே இருக்கும், ஆனால் தண்டு பருக்கும். இரண்டாம் வருடம் தளர்த்த மறந்தேன். பெல்ட் ஓரம் பட்டைக்குள் அரை விரல் பதிந்து, பிசின் வழிந்து காய்ந்திருந்தது. அதிலிருந்து, மிளகு பறிக்க ஏறும் அன்றைக்கே பெல்ட்டையும் தளர்த்திக் கட்டிவிடுகிறோம். அந்தத் தழும்பு இப்போதுதான் ஓரத்திலிருந்து மூடி வருகிறது.